பரிசுப் பந்தியில் தனி இலை

விருந்துக்கு அழைத்தவரை வேறிடத்தில் இருத்தித் தனி இலை போடும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. அரிசி ஒன்றே, அடுப்பு ஒன்றே, சமைத்த கையும் ஒன்றே. ஆயினும் பந்தி மட்டும் வேறு. 1924, 1925ஆம் ஆண்டுகளில் சேரன்மாதேவிக் குருகுலத்தில், பொதுமக்கள் தந்த பணத்தால் நடந்த அந்நிலையத்திலேயே, பார்ப்பனச் சிறுவர்க்குத் தனி உணவும் ஏனைச் சிறுவர்க்கு வேறு பந்தியும் இருந்தமை வெளிவந்தபோது தமிழ்நாடு கொதித்தெழுந்தது. பெரியார் ஈ. வெ. இராமசாமி காங்கிரசை விட்டு விலகியதற்கும், சுயமரியாதை இயக்கம் வேரூன்றியதற்கும் அந்தப் பந்தி ஒரு காரணமாயிற்று. எவன் வயிறு நிரம்பிற்று, எவன் வயிறு நிரம்பவில்லை என்பதன்று அன்று எழுந்த வினா. உடனிருந்து உண்ணத் தக்கவன் எவன் என்பதே வினா.

அவ்வினாவே தொண்ணூறு ஆண்டுகட்குப் பின் நம் மலேசிய நாட்டில், சோற்றுப் பந்தியில் அன்று, சினிமாப் பரிசுப் பந்தியில் எழுந்தது. "சினிமாப் பரிசா? அது கூத்தாடுவோர் காரியம். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்க்கும் பட்டணத்தில் கூலிக்கு உழைப்போர்க்கும் அதனால் ஆவதென்ன?" என்று நம் தோழர் சிலர் கேட்கக்கூடும். ஆவது உண்டு. ஒரு நாடு ஆண்டுதோறும் ஒரு படத்தைச் சுட்டி, "இதுவே எம் நாட்டின் சிறந்த படம்" என்று சொல்லும்பொழுது, எவருடைய வாழ்வு இந்நாட்டு வாழ்வு என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது. ஆகவே, அப்பரிசின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஜொகூர்வாசிகளாகிய நமக்கு இவ்வரலாறு தொலைவிலுள்ளதன்று. மலாய்ப் படங்கள் பிறந்த இடம் தெப்ராவ் நீரிணைக்கு அக்கரையிலுள்ள சிங்கப்பூர். 1924ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்தால் அவ்வூர். அங்கே ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்களின் மலாய்ப் படநிலையம் 1947 முதல் 1967 வரை நடந்தது. கேத்தே கெரிஸ் நிலையம் 1953இல் தோன்றியது. அந்நிலையங்களில் நடித்தவரும் பாடியவரும் பெரும்பாலும் மலாய்க்காரர், முதலிட்டவர் சீனர், இயக்கியவருள் பலர் இந்தியர். பி. இராம்லிக்கு முதன்முதலாகத் தலைமை வேடம் தந்த 'பக்தி' 1950ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையிற் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1957ஆம் ஆண்டில் மக்களைத் திகிலடையச் செய்த 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியரே.

நிற்க. இந்த மூவினக் கூட்டுழைப்புக்கு வெளியுலகம் எவ்வாறு பரிசளித்தது என்பதைக் காண்போம். 1954ஆம் ஆண்டில் தோக்கியோவில் தென்கிழக்கு ஆசியப் படவிழா தொடங்கிற்று. மறு ஆண்டு சிங்கப்பூரிலேயே கூடிற்று. 1956ஆம் ஆண்டு ஹாங்காங்கில் நடந்த விழாவில் 'ஹங் துவா' படத்தின் இசைக்காக இராம்லி பரிசு பெற்றார். 1957ஆம் ஆண்டு தோக்கியோவில், 'அனாக்கு சசாலி' படத்தில் தந்தையும் மகனுமாக இருவேடம் தாங்கியதற்குச் சிறந்த நடிகர் என்னும் பட்டம் அவருக்குக் கிடைத்தது. இவ்விரு படங்களையும் இயக்கியவர் பானி மஜூம்தார் என்னும் வங்காளி. மலாய் மொழியில், சீனர் பணத்தில், வங்காளி இயக்கிய படத்துக்கு ஜப்பானில் பரிசு! "இதில் எத்தனை பங்கு எம்மொழி?" என்று அந்த மண்டபத்தில் அளவுகோல் எடுத்து எவரும் அளக்கவில்லை.

அளவுகோல் பின்னரே வந்தது. மலேசியத் திரைப்பட விழா 1980இல் தொடங்கியது. மறு ஆண்டில் பினாஸ் எனப்படும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. நாட்டு மொழியிற் படமெடுப்போரை ஊக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. அந்நோக்கத்தை நாம் குறை கூறோம். ஆயினும் நாட்டு மக்கள் ஒரே மொழியிற் பேசி வாழவில்லை. பேருந்திலும் சந்தையிலும் பள்ளி வாயிலிலும் மூன்று நான்கு மொழிகள் கலந்தே ஒலிக்கின்றன. யாஸ்மின் அகமது இயக்கிய 'செப்பெட்', ஒரு மலாய்ப் பெண்ணும் சீன இளைஞனும் கொண்ட காதலை அக்கலப்பு மொழியிலேயே காட்டிற்று. 2005ஆம் ஆண்டின் விழாவில் சிறந்த படமாக அது தெரிந்தெடுக்கப்பட்டது. வழி திறந்துவிட்டதென்று பலரும் எண்ணினர்.

எண்ணியது முழுதும் நடக்கவில்லை. 2016ஆம் ஆண்டு 28ஆவது விழாவுக்குப் போட்டியிடும் படங்களின் பட்டியல் வெளிவந்தபோது, சிறந்த படத்திற்குரிய பரிசு இரண்டாகப் பிளக்கப்பட்டிருந்தது. தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பரிசு. தேசிய மொழியல்லாத படங்களுக்கு மற்றொரு பரிசு. உரையாடலில் நூற்றுக்கு 70 பங்கு தேசிய மொழி இல்லாத படம் இரண்டாம் பந்திக்குப் போகவேண்டியதாயிற்று. அவ்வாறு போனவற்றுள் இரண்டு படங்கள் நம் கவனத்திற்கு உரியவை. ஒன்று, சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா'. 1980ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்ற மலேசியக் காற்பந்துக் குழுவின் வெற்றியிலிருந்து பிறந்த கதை அது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே சட்டை அணிந்து ஒரே பந்தை உதைத்த கதை, மொழிக் கணக்கில் மட்டும் அயற்கதையாகிவிட்டது!

மற்றொன்று 'ஜகாட்'. தமிழில் எடுக்கப்பட்டு 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த இப்படத்தை எழுதி இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். 'ஜாஹாட்' என்னும் மலாய்ச் சொல், தோட்டப்புறத்துத் தமிழர் வாயில் 'ஜகாட்' எனத் திரிந்தது. கெட்டவன், அடங்காதவன் என்பது பொருள். பெயரே தமிழும் மலாயும் கலந்து பிறந்த பிள்ளை. 1990களின் தொடக்கத்தில், தோட்டம் கைவிட்டதால் பட்டணத்தின் ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய ஒரு குடும்பம். அக்குடும்பத்தில் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். படித்து முன்னேறு என்று அடித்துச் சொல்லும் தந்தை ஒரு புறம். குண்டர் கூட்டத்தின் பகட்டு மறுபுறம். சிறுவனின் சொந்தக் கற்பனைக்குப் பள்ளியில் இடமில்லை. அவன் மெல்ல மெல்ல எப்பக்கம் சாய்கிறான் என்பதே கதை.

இச்சிறுவன் எந்த அயல்நாட்டான்? அவனை நாம் குளுவாங்கிலும் கண்டிருக்கிறோம். கூலாய், மாசாய், ஸ்கூடாய் வீதிகளிலும் கண்டிருக்கிறோம். காட்டை அழித்து ரப்பர் நட்டவர் பேரன் அவன். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோதும், லயத்துவீடு போயிற்று. லயத்தோடு வேலையும், கோயிலும், சில இடங்களில் தமிழ்ப் பள்ளியும் இடம்பெயர்ந்தன. இந்நாட்டு மண்ணில் நிகழ்ந்த இப்பெருமாற்றத்தைச் சொல்லும் படம் மலேசியப் படம் அன்றெனில், வேறெதனை மலேசியப் படம் என்பது?

பட்டியல் வெளிவந்ததும் கிளர்ச்சி எழுந்தது. அதனை எழுப்பியவர் யாவர் என்பதை நம் தோழர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். பெயர் பெற்ற ஒளிப்பதிவாளர் மொஹமட் நோர் காசிம் விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். நடிகரும் இயக்குநருமான அப்லின் ஷவுகி வெளிப்படையாகக் கண்டித்தார். ஆதரவு தர இருந்த வங்கியொன்று பின்வாங்கிற்று. தங்கள் மொழிக்கு மேலிடம் தந்த விதியை மலாய்க் கலைஞரே எதிர்த்து நின்றனர். நீதியுணர்ச்சிக்குச் சாதியுமில்லை, இனமுமில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? மேற்பந்தியில் இருப்பவன் எழுந்து, "எனக்கும் இவ்விலை வேண்டா" என்று சொல்லும்போதுதான் பந்தி வேற்றுமை ஆட்டம் காணும். சேரன்மாதேவி நமக்குக் கற்பித்ததும் இதுவேயாம்.

அமைச்சர் தலையிட்டார். சிறந்த மலேசியப் படம் என்னும் முதற்பரிசு எல்லா மொழிக்கும் பொதுவாயிற்று. தேசிய மொழிப் படத்திற்கெனத் தனிப் பரிசு ஒன்றும் வைக்கப்பட்டது. செப்டம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் விழா நடந்தது. சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' அறிவிக்கப்பட்டது; சிறந்த புதிய இயக்குநர் பரிசும் சஞ்சய் குமாரையே சேர்ந்தது. சில நாட்களுக்கு முன் வாயிற்படிக்கு வெளியே இலை போடப்பட்ட அப்போய், மண்டபத்தின் நடுவில் வந்து அமர்ந்தான்.

இங்கே எதிர்வாதம் ஒன்றையும் நேர்மையாக எடுத்தாளுதல் கடன். "தேசிய மொழியை நாடு பேணவேண்டாவா? சிறு மொழிப் படங்களுக்குத் தனிப் பரிசு இருப்பது நன்மைதானே, பொதுப் போட்டியில் அவை என்றும் தோற்றுவிடுமே" என்பர். தேசிய மொழியைப் பேணுதல் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. தனிப் பரிசும் தீதன்று. தீது எதுவெனில், தனிப் பரிசைக் காட்டிப் பொதுப் பரிசின் கதவை அடைத்தல். கூடுதலாக ஓர் இலை போடுவது வேறு. பொதுப் பந்தியிலிருந்து எழுப்பி அவ்விலைக்கு அனுப்புவது வேறு.

இவ்வேறுபாட்டை இந்திய சர்க்கார் 1954ஆம் ஆண்டில் தேசியப் பரிசுகளை ஏற்படுத்தியபோதே உணர்ந்திருந்தது. ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பரிசு. அதற்கு மேல் எம்மொழியும் பெறத்தக்க முதற்பரிசு ஒன்று. அம்முதற்பரிசை முதன்முதலிற் பெற்றது இந்திப் படமன்று. 'சியாம்சி ஆயி' என்னும் மராத்திப் படம். தமிழின் தனிப் பரிசை 'மலைக்கள்ளன்' விரைவிலேயே பெற்றது. முதற்பரிசுக்கோ தமிழ் 1991ஆம் ஆண்டுவரை காத்திருந்தது, கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்' அதனைக் கொணர்ந்தது. முப்பத்தேழு ஆண்டு காத்திருப்பு நெடிதே. ஆயினும் அது தகுதியைப் பற்றிய காத்திருப்பு, தீண்டாமை அன்று. கதவு திறந்திருக்கத் தோற்பதில் இழிவில்லை.

அமெரிக்காவிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். 1940ஆம் ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்ற முதற் கறுப்பர் ஹாட்டி மக்டானியேல். பரிசு தந்த அந்த விருந்து மண்டபத்திலேயே, உடன் நடித்தோர் மேசையில் அன்று, ஓரத்துச் சிறு மேசையில் அவரை அமர்த்தினர். கையிற் பரிசும் தந்து தனிப் பந்தியிலும் இருத்திய விந்தை அது. ஆங்கிலமல்லாத படங்களுக்கு 1956ஆம் ஆண்டு முதல் தனிப் போட்டி நடந்தது. சிறந்த படம் என்னும் முதற்பரிசை ஆங்கிலமல்லாத படமொன்று பெற 2020ஆம் ஆண்டு ஆயிற்று. கொரிய மொழியிலான 'பாரசைட்' அதனைப் பெற்றது. நம் நாட்டில் 'ஜகாட்' அதற்கு நான்கு ஆண்டு முன்னரே பெற்றுவிட்டது என்பதை எண்ணி நாம் மகிழலாம்.

மகிழ்ச்சியோடு நின்றுவிடலாமா? பிறர் வைத்த பந்தியைக் கண்டித்த நாம், நம் மனத்தில் வைத்திருக்கும் பந்தியையும் பார்த்தல் வேண்டும். சென்னையிலிருந்து வரும் நடிகர் படம் என்றால் முதல் நாளே முண்டியடிக்கிறோம். கட்டவுட்டுக்குப் பாலூற்றவும் நம்மிடையே ஆளுண்டு. கூலாய்ச் சிறுவன் கதையை நம் பிள்ளை ஒருவன் எடுத்தால், "உள்ளூர்ப் படம்தானே" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். இது தனி இலை அன்றி வேறென்ன? சிவாஜி கணேசன் 1960ஆம் ஆண்டு கெய்ரோவில், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிறந்த நடிகர் பரிசு பெற்றதை நாம் போற்றுவதில் தவறில்லை. நம் மண்ணின் கதைக்கு நம் மண்ணில் கிடைத்த பரிசையும் அவ்வாறே நம் பிள்ளைகட்குச் சொல்லியிருக்கிறோமா?

தோட்டங்கள் பரந்திருந்த தென் ஜொகூரில் 2014ஆம் ஆண்டு பெரும் படநிலையம் ஒன்று திறக்கப்பட்டது. பைன்வூட் என்னும் ஆங்கில நிறுவனத்தின் பெயரைத் தாங்கி எழுந்த அந்நிலையத்தில் 'மார்க்கோ போலோ' தொடருக்காக மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானின் அரசவையை அமைத்தார்கள். நன்று. வெனிசு நகரத்தான் கதைக்கு இடமுள்ள மண்ணில், வெட்டுக்கத்தியும் வாளியும் சுமந்து விடியுமுன் நிரைக்குப் போன நம் பாட்டிமார் கதைக்கும் இடமுண்டு. அதனை எழுதவும் எடுக்கவும் ஆள் வேண்டும்; காசு கொடுத்துப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

பரிசு ஒன்றினால் இடிந்த லயம் எழுந்துவிடாது. குண்டர் கூட்டத்தில் விழுந்த சிறுவன் மீண்டுவிடான். ஆயினும், "நீ இந்நாட்டான், உன் கதை இந்நாட்டுக் கதை" என்று ஒரு பொது மண்டபத்திற் சொல்லக் கேட்ட சிறுவன், தன்னைக் கெட்டவன் என்று அழைக்கும் சொல்லை மறுமுறை அப்படியே ஏற்றுக்கொள்ளான். அந்த மறுப்பிலேதான் சுயமரியாதை தொடங்குகிறது. அப்போய்களை அந்த மண்டபத்தில் ஒருமுறை அமர்த்திவிட்டார்கள். அவர்களை நம் வீட்டுக் கூடத்திலும், பள்ளி வகுப்பிலும், சங்கத்து மேடையிலும் உடனிருத்தி உண்ணச்செய்வது நம் கடமை.