முட்டி போனால் அடுத்து யார்?

பவன் ஷெராவத் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாள் 2022 அக்டோபர் 8. புரோ கபடி ஒன்பதாவது சீசனில் தமிழ் தலைவாஸுக்கு அதுதான் முதல் ஆட்டம். எதிரணி குஜராத் ஜயன்ட்ஸ். ஏலத்தில் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்த கேப்டன், சீசன் தொடங்கிய வேகத்திலேயே வெளியேறினார். மறுநாள் எங்கள் ஊரான ஆண்டிமடத்தின் டீக்கடைகளில் வேறு பேச்சே இல்லை. "ஜவ்வு போயிடிச்சாம்ண்ணே, இனிமே யாரு பாடுறது?" என்று இளைஞர்கள் கேட்டார்கள். பாடுவது என்றால் எங்கள் பக்கத்தில் ரைடு போவது. அஜிங்க்ய பவார் தாங்குவார் என்றார் ஒருவர். வெளியிலிருந்து ஒரு பெரிய ரைடரைக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றார் இன்னொருவர். மூத்தவர்கள் மட்டும், "பெஞ்சுல இருக்குற புள்ளைங்கள நம்பி எறக்கணும்" என்றார்கள்.

அந்த மூத்தவர்களின் சொல்லுக்குப் பின்னால் எங்கள் ஊர்க் களங்களின் வரலாறே இருக்கிறது. பல வருடங்களாக இந்தப் பக்கத்துப் போட்டிகளில் விசில் ஊதுபவன் என்ற முறையில் அதை எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஆண்டிமடம் முந்திரிக் காடு. முன்பு திருச்சி மாவட்டத்து உடையார்பாளையம் தாலுகாவில் இருந்தோம்; 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்கும், 2007இல் அரியலூர் மாவட்டத்துக்கும் போனோம். மாவட்டம் மாறினாலும் பொங்கலுக்குச் சடுகுடு நடக்கும் செம்மண் தரை மாறவில்லை. தோப்பை ஒட்டிய காலி இடத்தை ஏர் ஓட்டி, கட்டிகளை உடைத்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். பரிசு ஒரு சுழற்கோப்பை, சில ஊர்களில் ஓர் ஆட்டுக்கிடா.

தரை மாறாவிட்டாலும் ஆட்டத்தின் மதிப்பு மாறியது. 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு உருவானது. 1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி பதக்க விளையாட்டானது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. கிராமத்துப் பையன் பாடிப் பாடியே அரசு வேலைக்கும் இந்திய ஜெர்சிக்கும் போகலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில்தான் எங்கள் தெருக்களில் வேர்விட்டது. நம்பிக்கை வளர வளரப் பிடியும் முரட்டுத்தனமானது. முட்டிகள் போவதும் கூடியது.

என் தாய்மாமன் இந்தப் பக்கத்தில் பேர்போன பாட்டுக்காரர். அதற்கு முன்பே, எண்பதுகளில் ஒரு பொங்கல் ராத்திரி, கார்னரில் நின்றவர் அவர் கணுக்காலைப் பிடித்த நொடியில் கவரில் நின்றவரும் மேலே விழுந்தார். பாதம் ஊன்றிய இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியது. முட்டி குடம் போல வீங்கிவிட்டது. முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை என்று தெரிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கும் ஜவ்வு அறுந்ததை எம்ஆர்ஐ ஸ்கேனில்தான் பார்க்க முடியும். முழுதும் அறுந்தால் அது பெரும்பாலும் தானாக ஒட்டாது. நேராக நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். சட்டென்று திரும்பினால் முட்டி நழுவும். கபடியோ திரும்புவதற்கென்றே உள்ள ஆட்டம். அடுத்த வருடம் மாமா களம் இறங்கி, முதல் பாட்டிலேயே சரிந்தார். அதன் பிறகு தோப்புக் காவலுக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்கு ஆள் தேடி யாரும் அலையவில்லை. சாயங்காலந்தோறும் மாமாவோடு பாடிப் பழகிய பங்காளி முறைத் தம்பி ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பிலிருந்து எழுந்து வந்தார். பிற்காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவருக்குப் போலீஸ் வேலை கிடைத்தது. ஒவ்வொரு தெரு அணியிலும் இப்படித்தான் நடந்தது. பெரியவர்கள் ஆட, சின்னவர்கள் பக்கத்திலேயே பழகினார்கள். மாற்று ஆளை உருவாக்கும் வித்தை எங்கள் ஊருக்குக் கைவந்திருந்தது. விழுந்தவரைத் திரும்பக் கொண்டுவரும் வித்தைதான் இல்லை.

பணம் இருந்தால் மட்டும் மாற்று ஆள் கிடைத்துவிடுவதில்லை என்பதற்குக் கால்பந்தில் சாட்சி உண்டு. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரிக்கு இதே ஜவ்வு கிழிந்தது. தொடர்ந்து நான்கு முறை இங்கிலாந்து லீக் பட்டம் வென்றிருந்த அணி அது. நடுக்களத்துக்கு நிக்கோ கொன்சாலஸை வாங்கும்போது வீரர்களை வாங்கும் குளிர்காலச் சந்தையே முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த சீசனை மூன்றாவது இடத்தில்தான் முடித்தார்கள்.

தமிழ் தலைவாஸ் பிழைத்த கதை வேறு. அணிக்குள்ளேயே இருந்த நரேந்தர் என்ற அறிமுக ரைடரை நம்பினார்கள். அவர் அந்த சீசனில் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. புனேரி பல்டனிடம் 37-39 என்றுதான் தோற்றது. டீக்கடையில் மூத்தவர்கள் சொன்னது பலித்தது.

அதோடு நின்றிருந்தால் இதுவும் எங்கள் மாமா கதைதான். பவனுக்கு உரிய சிகிச்சையும், தசையை மீண்டும் வலுவாக்கும் பயிற்சியும், அவசரப்படாமல் காத்திருக்கும் அவகாசமும் கிடைத்தன. 2023 அக்டோபர் 7 அன்று, விழுந்து ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில், ஹாங்சோவில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்று ஆசியப் போட்டித் தங்கத்தை வென்றார். அதே மாதம் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. மாற்று ஆளும் வளர்ந்தார், விழுந்தவரும் எழுந்தார். இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று என் கண்ணால் பார்த்தபின், கிராமத்துப் பையனுக்கு மட்டும் ஏன் நடக்கக்கூடாது என்ற கேள்வியை என்னால் விட முடியவில்லை.

இன்று எங்கள் பக்கத்திலும் மேட் விரித்து ஆடுகிறார்கள். மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் ஷூ கவ்விக்கொள்ளும், திருகல் முழுவதையும் முட்டிதான் வாங்கும். ஆபத்து குறையவில்லை. ஃபோகஸ் லைட்டுக்கும் மைக் செட்டுக்கும் ஆளுயரக் கோப்பைக்கும் பணம் திரட்டும் விழாக் குழுக்கள் ஐஸ் கட்டிக்கும் முதலுதவி தெரிந்த ஓர் ஆளுக்கும் ஒதுக்குவதில்லை. ஊசி போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கே இறங்கும் பையன்களை நான் நிறுத்தியிருக்கிறேன். ஊரே என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறது. பையன் நிற்க முடியாமல் தடுமாறுவது தெரிந்தும் விசில் ஊதுவதை நான் ஏற்க மாட்டேன்.

அதனால் இந்தப் பொங்கல் போட்டிக்கு எங்கள் தெருக் குழுவிடம் இரண்டு விதிகளை நோட்டீஸிலேயே அச்சடிக்கக் கேட்டிருக்கிறேன். முட்டி திருகியவர் அன்று மறுபடி களம் இறங்கக்கூடாது. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, அடிபட்டவரின் ஸ்கேன் செலவுக்கென்று தனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத போட்டிக்கு இனி நான் நடுவராகப் போகப்போவதில்லை.