ஃபில்டர் போட்டா மறைஞ்சது எங்கே போகுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு ஒரு குட்டி அம்புக்குறியோட வரலாறு. எக்செல்லில் தலைப்பு வரிசையை செலக்ட் பண்ணி ஃபில்டர் போட்டா, ஒவ்வொரு தலைப்பு பக்கத்திலயும் கீழ்நோக்கி ஒரு அம்பு வருமே, அதுதான். ஆபீஸ்ல வேலை பார்க்கிற நம்மள்ல பாதிப் பேர் தினமும் அதை அமுக்குறோம். அது எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, ஒரு தடவை அதுகிட்ட சூடு படுற வரைக்கும்.

ஒரு கேப் ஷீட்

என்னோட முதல் வேலை. நான் ட்ரெய்னி. ஷிஃப்ட் கேப் லிஸ்ட்டைப் பார்த்துக்கிறவர் லீவு, அதனால ரெண்டு நாளைக்கு அந்த ஷீட் என் தலையில விழுந்துச்சு. பேர், ஏரியா, ரூட், கேப் வர்ற நேரம், நாலே நாலு காலம். வேளச்சேரி ரூட்டுக்கு மட்டும் நேரம் மாறியிருக்கு, அப்டேட் பண்ணுன்னு சொன்னாங்க. ரூட் காலத்தில் ஃபில்டர் போட்டேன். 14 பேர் தெரிஞ்சாங்க. புது நேரங்கள் 14-ஐயும் மெயில்ல இருந்து காப்பி பண்ணி, மேலிருந்து பேஸ்ட் பண்ணேன். முதல் மூணு வரி சரியா இருந்துச்சு. மூடிட்டுப் போயிட்டேன்.

எக்செல் அந்த 14 நேரத்தையும் கண்ணுக்குத் தெரிஞ்ச 14 பேருக்குப் போடலை. முதல் வரிசையில ஆரம்பிச்சு, நடுவுல ஒளிஞ்சிருந்தவங்களையும் சேர்த்து, வரிசையா 14 பேருக்குப் போட்டுடுச்சு. மறுநாள் விடியக்காலை 4:40-க்கு அம்பத்தூர்ல கேப் வரும்னு ஒரு அக்கா ரோட்டுல வந்து நிக்கிறாங்க. ஷீட்ல அவங்க நேரம் 6:10 ஆகியிருந்துச்சு. ஒன்றரை மணி நேரம், தெருவிளக்கு எரியாத ஒரு முனையில, தனியா.

அவங்க என்னைத் திட்டலை. “என் பேரை நீ பார்க்கவே இல்லையாப்பா?”ன்னு மட்டும் கேட்டாங்க. உண்மையிலேயே நான் பார்க்கலை. என் ஸ்க்ரீன்ல அவங்க பேரே இல்லை. அந்தக் கேள்வியிலதான் இந்த எபிசோட் ஆரம்பிக்குது. ஃபில்டர் போட்டா மறைஞ்சது எங்கே போகுது?

பாதரசமும் மூடி திறக்கிற பெட்டியும்

கதை 1880-க்குப் போகுது. அமெரிக்காவில் அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சுமார் 5 கோடி பேர். தகவல் எடுக்கிறது கஷ்டமில்லை, அதை வகைபிரிச்சுக் கூட்டுறதுதான் கஷ்டம். எல்லாம் கையால. அந்தக் கணக்கை முடிக்கவே கிட்டத்தட்ட அடுத்த பத்தாண்டு வரைக்கும் இழுத்துச்சு. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்ல ஒருத்தர் ஹெர்மன் ஹாலரித். கொலம்பியாவில் இன்ஜினியரிங் முடிச்சு அப்போதான் வெளியே வந்திருந்தார், வயசு இருபதை ஒட்டி.

ரயில்ல கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுறதைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. பயணியோட அடையாளத்தையே டிக்கெட்டில் ஓட்டைகளாகக் குறிக்கிற வழக்கம் அப்போ இருந்துச்சு. அதையே கணக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். ஒரு மனுஷனுக்கு ஓர் அட்டை. ஆணா பெண்ணா, வயசு என்ன, எங்கே பிறந்தார், ஒவ்வொண்ணுக்கும் அட்டையில் ஓர் இடம். இருந்தா ஓட்டை, இல்லைன்னா இல்லை.

அந்த அட்டையை மெஷின்ல வெச்சு கைப்பிடியை இறக்கினா, மேலிருந்து கம்பி ஊசிகள் இறங்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் ஊசி அட்டையைத் தாண்டிப் போய், கீழே இருக்கிற பாதரசக் குழியைத் தொடும். மின்சுற்று முழுசாகும், டயல்ல ஒரு எண் ஏறும். அதோட, பக்கத்தில் இருக்கிற பெட்டியில் சரியான அறையோட மூடி தானா திறக்கும். ஆபரேட்டர் அட்டையை எடுத்து அந்த அறைக்குள்ள போடுவார். வயரிங்கை மாத்தினா ரெண்டு மூணு நிபந்தனையைச் சேர்த்தும் எண்ணலாம். நாம இன்னைக்கு ரெண்டு காலத்தில் ஃபில்டர் போடுறோமே, அதோட தாத்தா இது.

1890 கணக்கெடுப்பில் 6 கோடிக்கும் மேற்பட்ட மக்களை இந்த மெஷின்தான் எண்ணுச்சு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஃபில்டர் பண்ண அட்டை ஓர் அறையில, மத்தது வேற அறையில. கையால தொட்டுப் பார்க்கலாம். ஒதுக்கினது எங்கே இருக்குன்னு யாருக்கும் சந்தேகமே வராது.

எடுத்துத் தருவேன், தொடமாட்டேன்

ஹாலரித் 1896-ல் ஆரம்பிச்ச கம்பெனி, 1911-ல் வேற கம்பெனிகளோட சேர்ந்து, 1924-ல் ஒரு புதுப் பேர் வாங்குச்சு: ஐபிஎம். அதே ஐபிஎம்மில் 1970-ல் எட்கர் காட் என்பவர் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். தகவலையெல்லாம் அட்டவணைகளா வெச்சுக்கிட்டு, கணித முறையில கேள்வி கேட்கலாம்னு சொன்னார். அதுக்கப்புறம் அங்கேயே பிறந்ததுதான் எஸ்க்யூஎல்.

நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், எஸ்க்யூஎல்லில் ‘வேர்’னு ஒரு நிபந்தனை எழுதி செலக்ட் பண்ணா, பொருந்துற வரிசைகள் மட்டும் புது விடையா வரும். மூல அட்டவணை அப்படியே இருக்கும். அதாவது, கேள்வி வேற, டேட்டா வேற. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவர்.

1-2-3

இப்போ ஸ்ப்ரெட்ஷீட். 1978, ஹார்வர்டில் எம்பிஏ படிச்சுக்கிட்டிருந்த டான் பிரிக்லின். போர்டுல ஒரு எண்ணை மாத்தினா, அதை நம்பியிருக்கிற எல்லா எண்ணையும் அழிச்சு எழுதணும். அது தானா மாறினா எப்படி இருக்கும்னு யோசிச்சார். பாப் ஃப்ராங்ஸ்டன் கோட் எழுத, 1979-ல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு விசிகால்க் வந்துச்சு. 63 காலம், 254 வரிசை. கணக்கு போடும். ஆனா ஃபில்டர் கிடையாது. 254 வரிசைதானே, கண்ணாலயே தேடிக்கலாம்.

ஃபில்டர் மாதிரி ஒண்ணை ஸ்ப்ரெட்ஷீட் பயன்படுத்துற சாதாரண ஆட்கள் கையில பெரிய அளவுல கொடுத்தது லோட்டஸ் 1-2-3. 1983 ஜனவரி, மிட்ச் கேப்பர், ஜொனாதன் சாக்ஸ். பேர்லயே விஷயம் இருக்கு. ஒண்ணு ஸ்ப்ரெட்ஷீட், ரெண்டு கிராஃப், மூணு டேட்டாபேஸ்.

அதுல ஃபில்டர் பண்றது ஒரு சடங்கு. மவுஸ் கிடையாது. ஸ்லாஷ் அமுக்கி, டேட்டா, அப்புறம் கொயரி. டேட்டா எங்கே இருக்குன்னு முதல்ல காட்டணும். காலியான வேற இடத்தில் தலைப்பை மறுபடி டைப் பண்ணி, அதுக்குக் கீழே என்ன வேணும்னு எழுதணும். நிபந்தனைகள் ஒரே வரிசையில இருந்தா ‘இதுவும் அதுவும்’, அடுத்தடுத்த வரிசையில இருந்தா ‘இது அல்லது அது’. விடை எங்கே வரணும்னு மூணாவதா ஓர் இடம் காட்டணும். அப்புறம் தேடணுமா, எடுத்துத் தரணுமா, அழிக்கணுமான்னு அது கேட்கும்.

ஆமா, அழிக்கிறதும் அதே மெனுவில். பொருந்துற வரிசைகள் நிஜமாவே போயிடும். அதனால அந்தக் காலத்து ஆளுங்க கொயரி போடும்போது ரொம்ப நிதானமா போட்டிருப்பாங்க. எடுத்துத் தரச் சொன்னா, நீங்க காட்டின மூணாவது இடத்தில் பிரதி வரும். மூலம் ஓர் இடம், விடை வேற இடம். ஹாலரித்தோட அறைகள் மாதிரியே.

இந்தச் சடங்கு இன்னும் சாகலை. எக்செல்லில் அட்வான்ஸ்டு ஃபில்டர்னு ஒண்ணு இருக்கும், திறந்து பாருங்க. தலைப்பைத் தனியா எழுதி, கீழே நிபந்தனை எழுதுற அதே முறைதான்.

அம்புக்குறி வந்த வருஷம்

1993, எக்செல் 5. ஆட்டோஃபில்டர் வந்துச்சு. மூணு இடம் காட்ட வேண்டாம், தலைப்பை மறுபடி எழுத வேண்டாம். தலைப்பு பக்கத்திலயே அம்பு. அமுக்கினா, அந்தக் காலத்தில் என்னென்ன இருக்கோ அது லிஸ்ட்டா விழும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா மத்ததெல்லாம் மறைஞ்சிடும்.

இதை வடிவமைச்சவங்களைப் பாராட்டணும். என்ன வேணும்னு எழுதத் தெரியாதவங்ககூட, இருக்கிறதுல இருந்து தேர்ந்தெடுக்கலாம். பில் போடுறவர், ஸ்கூல்ல மார்க் என்ட்ரி பண்ற டீச்சர், குடோன் ஸ்டாக் பார்க்கிறவர், எல்லாருக்கும் டேட்டாபேஸ் கையில வந்த மாதிரி. லிஸ்ட்டில் முதல் 1,000 மதிப்புகள்தான் தெரியும்ங்கிற வரம்பு ரொம்ப நாள் இருந்துச்சு. 2007-ல் அது 10,000 ஆச்சு, டிக் பாக்ஸ்கள் வந்துச்சு, வரிசைகளும் 65,536-லிருந்து 10,48,576-க்குப் போச்சு.

ஆனா அந்த அம்பு ஒரு சுவரை இடிச்சிடுச்சு. விடைக்குன்னு தனி இடம் இப்போ இல்லை. மறைஞ்ச வரிசையும் தெரியிற வரிசையும் ஒரே இடத்தில், பக்கத்து பக்கத்தில், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஃபில்டர்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது காபிதான். மேல் பாத்திரத்தில் தூள் தங்கிடும், கீழே டிகாக்‌ஷன் மட்டும் இறங்கும். எக்செல் ஃபில்டரில் தூளும் உங்க டம்ளர்லயேதான் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எக்செல் இதை மறைக்கலை, சொல்லத்தான் சொல்லுது. இடது பக்கம் வரிசை எண் நீலமா மாறும். 2-க்கு அப்புறம் 9 வரும், 9-க்கு அப்புறம் 31 வரும். கீழே எத்தனைக்கு எத்தனை கிடைச்சதுன்னு எழுதும். நாம பார்க்கிறதில்லை. ஃபில்டர் போட்டு சம் ஃபங்ஷன்ல கூட்டினா, மறைஞ்சதையும் சேர்த்துக் கூட்டும். தெரியிறதை மட்டும் கூட்ட சப்டோட்டல்னு தனி ஃபங்ஷன் இருக்கு. அதுலயும் 9 போட்டா, ஃபில்டர் மறைச்சதை விட்டுடும், நீங்க கையால ஹைட் பண்ணதைச் சேர்த்துக்கும். 109 போட்டா ரெண்டையுமே விட்டுடும். மறைக்கிறதுல இத்தனை வகை இருக்குன்னு யாரு நமக்குச் சொல்லிக் கொடுத்தா?

179

இது வெறும் ஆபீஸ் தலைவலின்னு நினைக்கிறவங்களுக்கு 2008 செப்டம்பர் கதை. 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டுச்சு. உலகமே ஆடிப்போன வாரம். லேமனோட அமெரிக்கத் தொழிலில் ஒரு பகுதியை வாங்க பார்க்லேஸ் வங்கி முன்வந்துச்சு. எந்தெந்த ஒப்பந்தங்களை ஏத்துக்கப்போறோம்ங்கிற பட்டியலை நீதிமன்றத்துக்குக் கொடுக்கணும். 18-ம் தேதி நள்ளிரவு கெடு.

பட்டியல் ஓர் எக்செல் ஃபைல். கிட்டத்தட்ட 1,000 வரிசை, 24,000-க்கும் மேற்பட்ட கட்டங்கள். பார்க்லேஸ் தரப்பு வக்கீல் அலுவலகத்தில், வேலைக்குச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகாத ஓர் இளம் வக்கீல்கிட்ட, இதை பிடிஎஃப்பா மாத்துன்னு ராத்திரி நேரத்துல கொடுத்தாங்க. நீதிமன்றத்துக்கு ஏத்த மாதிரி ஃபார்மேட் பண்ணார். பிரச்சினை என்னன்னா, வேண்டாம்னு முடிவு பண்ண 179 ஒப்பந்தங்களை யாரும் அழிக்கலை. வரிசைகளை ஹைட் பண்ணி வெச்சிருந்தாங்க. மறைஞ்ச வரிசைன்னா என்ன? உயரம் பூஜ்யமா இருக்கிற வரிசை. மொத்தமா அளவை மாத்தினா அதுவும் எழுந்து நிக்கும். அந்த 179-ம் பட்டியல்ல வந்து உட்கார்ந்துடுச்சு. வேண்டாம்னு சொன்னதையெல்லாம் வேணும்னு சொன்னதா நீதிமன்றத்துக்குப் போயிடுச்சு. தப்பு வெளியே தெரிஞ்சு, அவங்களே அக்டோபர்ல நீதிமன்றத்துக்கு மனு போட வேண்டியதாச்சு.

அந்த இளம் வக்கீல் மேல எனக்குக் கோபமே வரலை. ராத்திரி வேளை, கழுத்துல கெடு, எதிர்ல ஒரு ஷீட். அவர் ஸ்க்ரீன்ல அந்த வரிசைகள் இல்லை. எனக்கு அம்பத்தூர் அக்கா பேர் தெரியாத மாதிரிதான்.

கடைசியா

130 வருஷத்தைத் திரும்பிப் பார்த்தா ஒரு கோடு தெரியுது. ஹாலரித் காலத்தில் ஒதுக்கினதை வேற அறையில போட்டாங்க. லோட்டஸ் காலத்தில் எடுத்ததை வேற இடத்தில் வெச்சாங்க. ஆட்டோஃபில்டர் ரெண்டையும் ஒரே இடத்தில் வெச்சு, ஒண்ணு மேல துணியைப் போட்டு மூடுச்சு. வேலை எளிசாக எளிசாக, மூடியிருக்கிறதை ஞாபகம் வெச்சுக்கிற பொறுப்பு மெஷின்கிட்ட இருந்து நம்ம தலைக்கு வந்துடுச்சு. அதை யாரும் நம்மகிட்ட சொல்லிட்டுக் கொடுக்கலை.

சுவரை மறுபடி கட்டுற முயற்சியும் நடக்குது. கூகுள் ஷீட்ஸில் ஃபில்டர் வியூ இருக்கு, நீங்க போடுற ஃபில்டர் அடுத்தவங்க ஸ்க்ரீனைத் தொடாது. எக்செல்லுக்கு 2018-ல் அறிவிச்ச ஃபில்டர்ங்கிற ஃபங்ஷன், விடையை வேற இடத்தில் தனியா கொட்டும். 1983-க்கே திரும்பிப் போன மாதிரி இருக்கு, ஆனா நல்லதுதான்.

நான் இப்போ செய்யிறது ரெண்டே விஷயம். ஃபில்டர் போட்ட ஷீட்டில் பேஸ்ட் பண்ணவே மாட்டேன். ஒரு ஷீட்டை யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி, இடது பக்கம் எண்கள் வரிசையா வருதான்னு ஒரு தடவை மேலிருந்து கீழே பார்ப்பேன். எண் தாவியிருந்தா, நடுவுல யாரோ இருக்காங்கன்னு அர்த்தம்.

அந்த அக்கா இப்போ வேற ஊர்ல இருக்காங்க. இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பப்போறேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!