ஐபி மாறிக்கிட்டே இருக்கா? வீட்டு கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்து பிடிப்பது எப்படி?

ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது வீட்டு கம்ப்யூட்டரை ஆனில் விட்டு, அதன் ஐபி எண்ணை போனில் குறித்துக்கொண்டு வந்தீர்கள். முதல் நாள் ரிமோட் டெஸ்க்டாப் ஜம்முனு வேலை செய்தது. மறுநாள் அம்மா மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். அதோடு கனெக்‌ஷன் போச்சு. பாஸ்வேர்டு சரிதான், கம்ப்யூட்டரும் ஓடுது. விலாசம்தான் மாறிப்போச்சு.

வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் கிடைப்பது டைனமிக் ஐபி. மாறாத எண் வேணும்னா ஸ்டாட்டிக் ஐபி வாங்கணும். அதற்குத் தனிக் காசு. செலவில்லாத வழி, டைனமிக் டிஎன்எஸ். டக் டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவைகளில் ஒரு பெயரைப் பதிவு செய்தால், ஐபி மாறும்போதெல்லாம் உங்கள் ரவுட்டரோ, கம்ப்யூட்டரில் ஓடும் குட்டி புரோகிராமோ புது எண்ணை அங்கே சொல்லிவிடும். நீங்கள் பெயரை மட்டும் அடித்தால் போதும். நோ-ஐபி இலவசக் கணக்கை 30 நாளைக்கு ஒருமுறை உறுதி செய்யணும், மறந்துடாதீங்க.

இவ்வளவு செய்தும் கனெக்ட் ஆகலையா? சந்தேகப்பட வேண்டியது 'சிஜிநாட்'. ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். அதனால் பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபியை நிறைய வீடுகளுக்குப் பங்கு போட்டுத் தருகின்றன. அபார்ட்மென்ட் கேட் வரை வந்த கூரியர்காரருக்கு ஃபிளாட் நம்பர் தெரியாத கதைதான். கண்டுபிடிப்பது சுலபம்: ரவுட்டர் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று இருப்பதையும், கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் வருவதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் ஆரம்பித்தால் சிஜிநாட்தான். அங்கே டைனமிக் டிஎன்எஸ் உதவாது.

உதவினாலும் அது எனக்குப் பிடிக்காத வழி. காரணம், ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். அந்தக் கதவைத் தேடியே இன்டர்நெட் முழுக்க தானியங்கி புரோகிராம்கள் அலைகின்றன. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கும். உள்ளே புகுந்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள்.

போர்ட்டையே திறக்க வேண்டாத வழி டெய்ல்ஸ்கேல். இரண்டு கருவியிலும் போட்டு ஒரே கணக்கில் லாகின் செய்தால், வீட்டு கம்ப்யூட்டருக்கு மாறாத ஒரு எண் கிடைக்கும். (அதுவும் 100-ல்தான் ஆரம்பிக்கும், குழம்ப வேண்டாம்!) சிஜிநாட் இருந்தாலும் ஓடும். விண்டோஸ் ஹோம் எடிஷனா? அதை ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியிலிருந்து பிடிக்க முடியாது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போடுங்கள். ஐபி பற்றிக் கவலையே இல்லை, கூகுள் கணக்கும் ஒரு பின் நம்பரும் போதும்.

எந்த வழியானாலும், கிளம்பும் முன் ஸ்லீப் மோடை ஆஃப் பண்ணுங்க. தூங்குற கம்ப்யூட்டரை எழுப்ப மறுபடி அம்மாவுக்குத்தான் போன் போடணும்.