வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தேர்வுகள்: அமெரிக்க வரலாறு

வானூர்திகள் ஒன்றோடொன்று மோதாமலும், வீணாகக் காத்திருக்காமலும் ஏறவும் பறக்கவும் இறங்கவும் வழிகாட்டுபவர் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆவார். இவர் வானூர்தி நிலையத்தின் கோபுரத்திலோ, தொலைவிலுள்ள ரேடார் நிலையத்திலோ அமர்ந்து, விமானிகளுடன் வானொலி வழியாகப் பேசுகிறார். ஒரே நேரத்தில் பல வானூர்திகளின் உயரம், வேகம், திசை ஆகியவற்றை மனத்தில் நிறுத்தி, அடுத்த சில நிமிடங்களில் அவை எங்கே இருக்கும் என்பதையும் இவர் கணிக்க வேண்டும்.

இந்த ஆற்றல் யாரிடம் இருக்கிறது என்பதை முன்கூட்டியே கண்டறிவது எளிதன்று. பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவர் இப்பணியில் தடுமாறலாம். நடுத்தர மாணவர் ஒருவர் சிறந்து விளங்கலாம். ஐக்கிய அமெரிக்கா இதற்கெனப் பலவகைத் தேர்வுகளை வகுத்து, மாற்றி, கைவிட்டு, மீண்டும் வகுத்துள்ளது. தேர்வு பணியோடு ஒத்திருந்த காலத்தில் நன்மை விளைந்ததையும், பணியிலிருந்து விலகிய காலத்தில் பலருடைய உழைப்பு வீணானதையும் அந்த வரலாற்றில் காணலாம்.

தொடக்க காலம்

அமெரிக்காவின் முதல் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகக் கருதப்படுபவர் ஆர்ச்சி லீக். விமானியாகவும் பொறி பழுதுபார்ப்பவராகவும் இருந்த இவர், 1929-இல் செயின்ட் லூயிஸ் நகர வானூர்தித் திடலில் பணியமர்த்தப்பட்டார். ஒரு தள்ளுவண்டியில் மடக்கு நாற்காலி, குடை, குறிப்பேடு, இரண்டு கொடிகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஓடுபாதை அருகே அமர்ந்திருப்பார். கட்டம் போட்ட கொடியைக் காட்டினால் புறப்படலாம். சிவப்புக் கொடியைக் காட்டினால் நிற்க வேண்டும். அவருக்கு எந்த எழுத்துத் தேர்வும் நடத்தப்படவில்லை. பறந்த அனுபவமே தகுதியாக இருந்தது.

1935 டிசம்பரில் விமான நிறுவனங்கள் சேர்ந்து நியூவார்க் நகரில் முதல் வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையத்தைத் தொடங்கின. 1936 ஜூலையில் கூட்டாட்சி அரசு இப்பொறுப்பை ஏற்றது. அப்போது ரேடார் இல்லை. பணியாளர்கள் கரும்பலகையில் விவரங்களை எழுதி, மேசையில் விரித்த வரைபடத்தின் மீது சிறு அடையாளத் துண்டுகளை நகர்த்தி, எந்த வானூர்தி எங்கே இருக்கிறது எனக் கணித்தனர். விமானிகள், வானொலி இயக்குநர்கள் போன்ற அனுபவமுள்ளவர்களே அப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

மோதல்களும் முதல் ஆய்வுகளும்

1956 ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலசிலிருந்து சில நிமிட இடைவெளியில் புறப்பட்ட இரண்டு பயணிகள் வானூர்திகள் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்கு மேலே மோதிக்கொண்டன. 128 பேரும் இறந்தனர். அங்கே வானம் அப்போது கட்டுப்பாட்டுக்கு உட்படாத பகுதியாக இருந்தது. விமானிகள் கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதே விதி. இத்தகைய விபத்துகளின் விளைவாக 1958-இல் புதிய கூட்டாட்சி வான்போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, இன்று எஃப்.ஏ.ஏ. என அழைக்கப்படும் அமைப்பு உருவானது. 1960 டிசம்பரில் நியூயார்க் நகரின் மேல் நடந்த மற்றொரு மோதல் 134 உயிர்களைப் பறித்தது.

போக்குவரத்து பெருகியதால் கட்டுப்பாட்டாளர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். அனுபவசாலிகளை மட்டும் நம்பியிருக்க இயலவில்லை. ஓக்லகோமா நகரில் அமைந்த வான்போக்குவரத்து மருத்துவ ஆய்வு நிலையத்தின் உளவியலாளர்கள், பயிற்சியில் வெற்றி பெறுபவர்களிடம் பொதுவாகக் காணப்படும் திறன்கள் எவை என 1960-களில் ஆராய்ந்தனர். எண் கணிதம், இட உணர்வு, பொதுப்படையான தருக்கம் ஆகியவற்றைச் சோதிக்கும் தாள்கள் பயன்பாட்டுக்கு வந்தன.

இந்த ஆய்வுகள் வயதைப் பற்றியும் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. முப்பதைக் கடந்து பயிற்சியில் சேர்ந்தவர்கள் இளையவர்களைவிட அதிக அளவில் தோல்வியடைந்தனர். 1972-இல் இயற்றப்பட்ட சட்டம் சேரும் வயதுக்கு உச்சவரம்பு விதிக்க வழிசெய்தது. இதன்படி 31 வயது நிறைவதற்குள் பணியில் சேர வேண்டும். கட்டுப்பாட்டாளர்கள் பொதுவாக 56 வயதில் ஓய்வு பெற வேண்டும். ஆகவே இத்தேர்வை எழுதுபவருக்கு ஒவ்வோர் ஆண்டும் விலைமதிப்புள்ளது. ஒரு தேர்வுமுறை தவறாகிப் போனால், அது திருத்தப்படும் வரை காத்திருக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமலே போகலாம்.

பயிற்சிக் கழகமே தேர்வுக்கூடமான காலம்

1976 முதல் புதிதாகச் சேர்ந்தவர்கள் அனைவரும் ஓக்லகோமா நகரிலுள்ள பயிற்சிக் கழகத்தில் கடுமையான வடிகட்டலுக்கு உட்பட்டனர். அவர்களுக்குக் கற்பனையான ஒரு வான்பகுதியின் வரைபடம் தரப்படும். அதன் வழித்தடங்கள், உயரங்கள், தூரங்கள் யாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். பின்னர் ரேடார் திரை இல்லாமல், காகிதப் பட்டைகளில் எழுதிய விவரங்களை மட்டுமே கொண்டு போக்குவரத்தை நடத்திக் காட்ட வேண்டும். நூற்றுக்கு 70 பெறாதவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

1981-இல் இந்த முறை பெருஞ்சோதனையைச் சந்தித்தது. ஆகஸ்ட் 3 அன்று ஏறத்தாழ 13,000 கட்டுப்பாட்டாளர்கள் ஊதியம், வேலை நேரம் முதலிய கோரிக்கைகளுடன் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூட்டாட்சி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தது. குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் 48 மணி நேரக் கெடு விதித்தார். திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களை மீண்டும் சேர்ப்பதற்கான தடை 1993 வரை நீடித்தது.

காலியான இடங்களை விரைவில் நிரப்ப, அதே ஆண்டில் அறிமுகமான எழுத்துத் தேர்வு கைகொடுத்தது. இதில் வழித்தட வரைபடமும் வானூர்திகளின் விவர அட்டவணையும் கொடுத்து, எவை மோதும் நிலையில் உள்ளன என்று கேட்கப்பட்டது. தருக்க வினாக்களும், பணி பற்றிய அறிவைச் சோதிக்கும் வினாக்களும் இருந்தன. எழுத்துத் தேர்வில் தேறியவர்களே பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பப்பட்டனர். இருந்தும் அவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் கழகத்தின் வடிகட்டலில் வெளியேறினர். வேலையை விட்டுவிட்டு, ஊரைவிட்டு வந்தவர்கள் வாரக்கணக்கில் உழைத்தபின் வெறுங்கையுடன் திரும்பினர். அரசுக்கும் பெருஞ்செலவு ஆனது. இந்த நீண்ட வடிகட்டல் 1992-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக ஐந்து நாள் கணினிச் சோதனை ஒன்று சிறிது காலம் நடத்தப்பட்டது.

ஏடி-சாட் தேர்வு

1990-களின் பிற்பகுதியில் பணியை அடியிலிருந்து ஆராய்ந்து ஏடி-சாட் என்ற கணினித் தேர்வு உருவாக்கப்பட்டது. 1981-க்குப் பின் மொத்தமாகச் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம். பணியிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுப்பாட்டாளர்களை இத்தேர்வை எழுதச் செய்து, அவர்களுடைய மதிப்பெண்கள் பணித்திறனோடு ஒத்துப்போகின்றனவா என்று சோதித்தார்கள். 2002 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

கிட்டத்தட்ட ஒரு முழுநாள் நீடித்த இத்தேர்வில் எட்டுப் பகுதிகள் இருந்தன. அளவைமானிகளைப் படித்தல், கோணங்களை மதிப்பிடுதல், வேகம்-நேரம்-தூரக் கணக்குகள், ஒப்புமைகள், நகரும் எண்களில் வரம்பு மீறியதைக் கண்டுபிடித்தல் ஆகியவை சில. 'எழுத்துத் தொழிற்சாலை' என்ற பகுதியில் திரையில் இறங்கி வரும் எழுத்துகளை உரிய பெட்டிகளில் சேர்க்க வேண்டும். பெட்டிகள் தீர்வதற்குள் புதியவற்றை வரவழைக்கவும் வேண்டும். மற்றொரு பகுதியில் திரையில் நகரும் வானூர்திகளை மோதாமல் இறக்க வேண்டும். தேர்ச்சிக்கு 70 மதிப்பெண் போதும். 85-க்கு மேல் பெற்றவர்கள் மிகத் தகுதியானவர்கள் எனப்பட்டனர்.

இதிலும் ஒரு சிக்கல் எழுந்தது. சில இனக் குழுக்களைச் சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண் குறைவாக இருந்ததால், பகுதிகளுக்கான மதிப்பெண் பங்கீடு மாற்றப்பட்டது. அதன்பின் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் தேர்ச்சி பெற்றனர். திறமையுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் தேர்வுக்குக் குறைந்தது.

2014: வாழ்க்கைக் குறிப்பு வினாத்தாள்

அமெரிக்காவில் பல கல்லூரிகள் எஃப்.ஏ.ஏ. ஏற்பளித்த வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் படிப்பை நடத்திவந்தன. மாணவர்கள் கட்டணம் செலுத்திப் படித்து, பட்டம் பெற்று, ஏடி-சாட் தேர்வும் எழுதிப் பணிக்காகக் காத்திருந்தனர். 2014-இன் தொடக்கத்தில் நடைமுறை மாற்றப்பட்டது. முதலில் எல்லோரும் வாழ்க்கைக் குறிப்பு வினாத்தாள் ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் தேறினால்தான் அடுத்த நிலை. ஏற்கெனவே பெற்றிருந்த உயர்ந்த ஏடி-சாட் மதிப்பெண்கள் பயனற்றுப் போயின.

பள்ளியில் எந்தப் பாடத்தில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றீர்கள், எத்தனை விளையாட்டுகளில் பங்கேற்றீர்கள் என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. எந்த விடைக்கு ஏன் மதிப்பெண் என்பது எழுதியவருக்குத் தெரியாது. அவ்வாண்டு விண்ணப்பித்த 28,000-க்கும் மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தேறினர். தேறாதவர்களுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. எல்லாத் தரப்பினருக்கும் வாய்ப்பை விரிவாக்கவும், பணியில் வெற்றிக்கு உதவும் இயல்புகளை அறியவும் இம்முறை கொண்டுவரப்பட்டதாக அரசுத் தரப்பு விளக்கியது. வாய்ப்பை விரிவாக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் வினாக்களுக்கும் பணிக்கும் உள்ள தொடர்பு எழுதியவர்களுக்குப் புலப்படவில்லை. படித்துத் தயாராகவோ, தவற்றைத் திருத்திக்கொண்டு மீண்டும் முயலவோ இடமில்லாத தேர்வாக அது அமைந்தது.

பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் சென்றனர். 2016-இல் அமெரிக்கப் பேரவை இயற்றிய சட்டம், இப்படிப்பை முடித்தவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் இவ்வினாத்தாளைப் பயன்படுத்தக் கூடாது எனத் தடுத்தது. 2018-இல் அது முற்றிலும் கைவிடப்பட்டது. அதற்குள் சிலர் வயது வரம்பைத் தாண்டியிருந்தனர்; பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர்.

இன்றைய தேர்வு

2016 முதல் ஏடி-சாட்டின் இடத்தில் ஏடிஎஸ்ஏ என்ற தேர்வு நடைபெறுகிறது. நினைவாற்றல், இட உணர்வு, மோதல் தவிர்ப்பு, தருக்கம், ஆங்கில வாசிப்பு, ஆளுமை ஆகியவற்றை இது சோதிக்கிறது. மோதல் தவிர்ப்புப் பகுதியில் நகரும் புள்ளிகளை மோதாமல் நீக்கிக்கொண்டே இடையிடையே கணக்குகளுக்கும் விடை தர வேண்டும். தேறியவர்கள் தகுதி வரிசைப்படி பிரிக்கப்பட்டு, உடல் தகுதி, பாதுகாப்புச் சோதனைகளுக்குப் பின் ஓக்லகோமா நகருக்கு அனுப்பப்படுகின்றனர். அங்கேயும் அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளியேற நேர்கிறது. ஒரு காலைப்பொழுதில் முடியும் எந்தத் தேர்வும் முழுமையாகக் கணிக்க இயலாத பணி இது என்பதற்கு இதுவே சான்று.

தேர்வுக்கு ஆயத்தமாதல்

இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும், பணியை ஒட்டி அமைந்த தேர்வுகள் எல்லாவற்றிலும் சில திறன்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டுள்ளன. முதலாவது மனக்கணக்கு. எடுத்துக்காட்டாக, மணிக்கு 480 கடல்மைல் வேகத்தில் பறக்கும் வானூர்தி நிமிடத்துக்கு 8 கடல்மைல் கடக்கும். அதே வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வானூர்திகள் நிமிடத்துக்கு 16 கடல்மைல் நெருங்கும். இடையில் 80 கடல்மைல் இருந்தால் அவை சந்திக்க 5 நிமிடம் ஆகும். ஆனால் அவற்றுக்கிடையே 5 கடல்மைல் இடைவெளியைக் காக்க வேண்டுமெனில், 75 கடல்மைலைக் கடக்கும் நேரமே, அதாவது 5 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான நேரமே, கட்டுப்பாட்டாளர் கையில் உள்ளது. இக்கணக்கைத் தாளின்றிச் சில நொடிகளில் போடப் பழக வேண்டும்.

இரண்டாவது, திசையை 360 பாகையில் உணர்வது. 090 என்றால் கிழக்கு, 270 என்றால் மேற்கு என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மூன்றாவது, எண் வரிசைகளைக் கேட்டு மனத்தில் நிறுத்துவது. நான்காவது, ஒன்றைச் செய்துகொண்டே மற்றொன்றைக் கவனிப்பது. இவை நாள்தோறும் சிறிது நேரம் பழகினால் மெல்ல வளர்பவை. கடைசி வாரத்தில் மனப்பாடம் செய்து பெறக்கூடியவை அல்ல.

இந்தியாவில் இப்பணிக்கு 1995-இல் உருவான இந்திய வானூர்தி நிலையங்கள் ஆணையம் இளநிலை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறது. இயற்பியலும் கணிதமும் படித்த அறிவியல் பட்டதாரிகளும் பொறியியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். கணினிவழித் தேர்வில் அந்த இரு பாடங்களும் ஆங்கிலம், எண் திறன், தருக்கம், பொது அறிவு ஆகியவையும் இடம்பெறுகின்றன. அதன்பின் குரல் தேர்வும் உண்டு. இங்கே நுழைவாயிலில் பாடஅறிவுக்குக் கூடுதல் இடம் தரப்படுகிறது. பணித்திறன் பயிற்சிக் கல்லூரிகளில் சோதிக்கப்படுகிறது. ஆகவே இந்திய மாணவர் பாடநூலோடு மேற்சொன்ன நான்கு பழக்கங்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது. தேர்வு முடிந்தபின் பணியில் உடன்வருபவை அவையே.