கோல் காப்பவரின் கையுறை

பிரெஞ்சுக்காரர் பழக்கிய ஆட்டங்களுள் கால்பந்தும், பெத்தாங்க் என்னும் இரும்புக்குண்டு ஆட்டமும் நம் புதுவையில் இன்றும் நிலைத்திருக்கின்றன. ஹாக்கியோ எல்லைக்கு அப்பாலிருந்து, ஆங்கிலேயப் பட்டாளத்தின் வழியாக வந்தது. தேசியப் போட்டிகளில் நம் அணி 'லெ புதுச்சேரி ஹாக்கி' என்ற பெயரில் ஆடியிருப்பதைக் காணும்போது, ஆங்கிலேய ஆட்டத்திற்குப் பிரெஞ்சு முன்னொட்டு சூட்டிய குறும்பை வியக்காமலிருக்க முடியவில்லை.

இந்திய ஹாக்கியின் பழைய வரைபடத்தை விரித்தால் கன்டோன்மென்ட் ஊர்களே கண்ணில் படும். (கோவில்பட்டி விதிவிலக்கு, அது தனிக்கட்டுரைக்கு உரியது.) நம் ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேக்கு வடக்கே, அண்டை ஊர் என்று சொல்லத்தக்க தொலைவிலுள்ள கண்ணூரில் ஆங்கிலேயப் படை தங்கியது; மாஹேயில் தங்கவில்லை. அந்தக் கண்ணூரின் பர்ணசேரியில்தான் மானுவேல் பிரெட்ரிக் பிறந்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியின் கோல்கீப்பர் அவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளத்தவர்.

அந்நாளைய கோல்கீப்பரின் கையைக் காத்தது தோலும் பஞ்சும் மட்டுமே. எதிரே வருவதோ ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து. பிரிவினைக்கு முன்பு இத்தகைய தோற்சாமான்களுக்குச் சியால்கோட் நகரமே பேர்பெற்றிருந்தது. 1947இல் அங்கிருந்து அகதிகளாக வந்த கைவினைஞர்களும் வணிகர்களும் ஜலந்தரிலும் மீரட்டிலும் தொழிலை மீண்டும் ஊன்றினர்.

புதிய தோற்கையுறை விறைத்து நிற்கும். ஜெயகாந்தன் கதைத் தலைப்பொன்று புதுச்செருப்பு கடிக்கும் என்கிறது. புதுக்கையுறை கடிப்பதோடு நில்லாது, மட்டையைப் பிடிக்கவும் விடாது. எண்ணெய் பூசி, மடக்கி, பிசைந்து, நாள்கணக்கில் பந்தை வாங்கிய பின்னரே தோலின் நார்கள் நெகிழ்ந்து, விரல் மடங்கும் இடங்களில் மடிப்பு விழும். அதன்பிறகு அது வேறொருவர் கைக்குப் பொருந்தாது. கடன் வாங்கிய கையுறையோடு கோலில் நிற்பவர் பாதிக் கவனத்தைக் கையிலேயே செலவழிப்பார் என்பது நம் எண்ணம்.

அத்தகைய காலத்தில் ஆடியவர் சங்கர் லட்சுமண். கன்டோன்மென்ட் ஊரான மௌவில் பிறந்து, பட்டாளத்து வாத்தியக் குழுவில் சேர்ந்தவர். 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களில் கோல் காத்தார். 1964 டோக்கியோவில் பாகிஸ்தானை 1-0 என வென்றதில் அவர் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1966 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைவரும் அவரே. இறுதிக்காலத்தில் வறுமையில் வாடி, கால் அழுகல் நோயால் 2006இல் அதே மௌவில் மறைந்தார்.

பின்னர்த் தோலின் இடத்தை அழுத்தப்பட்ட நுரைப்பலகை பிடித்தது. இடக்கைக்குத் தட்டையான தடுப்பு. மட்டை பிடிக்கும் வலக்கைக்கு விரல்களைச் சூழும் கூடு. அகலம் 228 மி.மீ., நீளம் 355 மி.மீ. தாண்டக்கூடாது என்பது விதி. பாதுகாப்பு பெருகியது; விறைப்பு போகவில்லை. வலக்கைக் கூட்டுக்குள் மட்டையைச் செருகி இறுகக் கட்டிவைப்பது, வீட்டில் சும்மா இருக்கும்போதும் மாட்டிக்கொண்டு பிடித்துப் பிடித்து விடுவது என்று இளையோர் பழைய வேலையையே புதிய பொருளில் செய்ய வேண்டியிருக்கிறது.

விலையும் ஏறியது. ஸ்ரீஜேஷ் இளைஞராக இருந்தபோது கோல்கீப்பருக்குரிய காப்புகளை வாங்க, விவசாயியான அவர் தந்தை பசுவை விற்றார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் அவர்தான். 41 ஆண்டுகளுக்குப் பின் இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. 2024 பாரிஸிலும் வெண்கலம் வென்று அவர் ஓய்வுபெற்றபோது, 16ஆம் எண் சட்டையை ஹாக்கி இந்தியா அவருக்கென்றே ஒதுக்கிவிட்டது.

பிரெட்ரிக்குக்குத் தயான்சந்த் விருது 2019இல் வந்தது, மியூனிக்குக்கு 47 ஆண்டுகள் கழித்து. 2025 அக்டோபரில் பெங்களூரில் அவர் காலமானார்.