நெல்வயலிலிருந்து திண்ணை வரை

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களுள் பலர் கண்ணாடிக் குழாய்களையும் நுண்ணோக்கிகளையும் நினைக்கின்றனர். அவை ஏதுமில்லாத ஆராய்ச்சியும் உண்டு. ஒரு சிற்றூரின் தெருக்களில் வீடு வீடாக நடந்து, கேட்டதையும் கண்டதையும் ஏட்டில் எழுதிக்கொள்ளும் ஆராய்ச்சி அது. அவ்வகை ஆராய்ச்சி நெடுங்காலமாக நடைபெற்ற இடங்களுள் ஒன்று நான் பிறந்து வளர்ந்த செய்யாற்றுப் பகுதி. செய்யார் என்றும் செய்யாறு என்றும் வழங்கும் எம்மூர்க்கு மேற்கே பட்டுத் தறிக்குப் பெயர்பெற்ற ஆரணி இருக்கிறது. வடக்கே பாலாறு ஓடுகிறது. இன்று இவ்விரு ஊர்களும் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளன. 1989 வரை வேலூரோடு சேர்ந்து வட ஆர்க்காடு மாவட்டமாக இருந்தன. இந்நிலத்தில் நெல்லைப் பற்றிய ஆராய்ச்சியும், உடற்குறையுடையோரைப் பற்றிய ஆராய்ச்சியும் ஒன்றையடுத்து ஒன்றாக எழுந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1915ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட் சிலேட்டர் என்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பொருளியற் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கிலாந்தின் பொருளியலை இங்குள்ள மாணவர்க்கு ஒப்புவிப்பதால் பயனில்லை என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, 'உங்கள் ஊரை நீங்களே ஆராய்ந்து வாருங்கள்' என்று பணித்தார். நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கிணறுகள் எத்தனை என்று மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்தவை 1918இல் ஒரு நூலாயின. அதில் இடம்பெற்ற ஊர்களுள் ஒன்று, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைக் கடந்தால் வரும் எங்கள் பகுதித் தூசி. பல்லவர் குடைந்த குகைக் கோயில்களால் மாமண்டூரை அறிந்த நீங்கள், அதனருகே உள்ள தூசியை அறிந்திருக்க மாட்டீர்கள். ஆனால் பொருளியல் பயில்வோர்க்கு மாமண்டூரைவிடத் தூசியே பெரிய ஊர்! பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1930களில் சிலேட்டரின் ஊர்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த குகன் முதலியோர் தூசிக்கு மறுபடியும் சென்றனர். ஒரு தெருவை ஒருமுறை பார்ப்பவன் தெருவைப் பார்க்கிறான்; தலைமுறைதோறும் பார்ப்பவன் காலத்தையும் பார்க்கிறான்.

இதற்கிடையே நெல்லே மாறிவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. உரமும் நீரும் மிகுதியாகக் கொடுத்தால் சாயாமல் நின்று விளையும் பயிர் அது. நீருக்கு எங்கள் பகுதியில் ஏரியோடு கிணறும் வேண்டும்; கிணற்றுக்கு மின்சார எந்திரமும் வேண்டும். அவை உள்ளவர்க்குத்தானே புதிய நெல்? இவ்வினாவோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் சென்னைப் பல்கலைக்கழகத்தாரும் 1970களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்தனர். இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் அவ்வாறே ஆராய்ச்சி நடந்தது. 1977இல் பி. எச். பார்மர் பதிப்பித்து வெளிவந்த நூலின் தலைப்பு 'பசுமைப் புரட்சி' என்பதே. ஆனால் அதன் முடிவில் ஒரு வினாக்குறி இருந்தது. அலுவலகக் கணக்கில் இருந்த அளவுக்குப் புதிய நெல் வயலில் இல்லை என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று.

பின்னர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரும் வாஷிங்டனிலுள்ள உணவுக்கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் 1980களின் தொடக்கத்தில் மறு ஆராய்ச்சி செய்தனர். ஹேசல், இராமசாமி ஆகியோர் 1991இல் வெளியிட்ட அந்நூலின்படி, சிறு உழவரும் கூலியாட்களும்கூடப் புதிய நெல்லால் பயனடைந்திருந்தனர். முன்னவர் ஐயுற்றனர், பின்னவர் நன்மை கண்டனர். இருவருள் யார் சொல்வது மெய் என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. அவர்கள் பார்த்த ஆண்டுகள் வேறு என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள் என்பேன். பத்தாண்டில் விதை பரவும், விலை மாறும், கிணற்று நீரும் கீழிறங்கும்.

அந்த முதற்குழுவில் இராபர்ட் சேம்பர்ஸ் என்றொருவர் இருந்தார். 1983இல் அவர் எழுதிய நூலில் ஒன்றை வற்புறுத்தினார். ஊர்களைப் பார்வையிட வருவோர் தார்ச் சாலையோரத்தையே பார்க்கின்றனர். மழை ஓய்ந்த பின்னரே வருகின்றனர். ஆண்களோடும் நடமாட இயன்றவரோடுமே பேசுகின்றனர். குடிசைக்குள் நோயுற்றுக் கிடப்போர் அவர்கள் கண்ணில் படுவதில்லை என்றார். இதைப் படித்தபோது தலையசைத்த நானே, பின்னர் அத்தவற்றைச் செய்தேன்.

1991ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்புக்குச் சென்ற பள்ளி ஆசிரியர்களுள் நானும் ஒருவன். எங்கள் ஊர் நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில், கண்பார்வை முற்றும் இழந்த முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வீட்டார் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் முறை வந்ததும், 'அவர் ஒன்றும் செய்வதில்லை' என்றனர். 'வேலை செய்யாதவர்' என்று குறித்துக்கொண்டேன். எழுந்து புறப்படுகையில் அவர், "வாத்தியாரே, என்னையும் எழுதிக்கினீங்களா?" என்று கேட்டார். 'எழுதிக்கொண்டேன்' என்று நடந்துவிட்டேன். அவர் கைகள் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்தன என்பது அடுத்த தெருவுக்குப் போன பிறகே என் நினைவுக்கு வந்தது. நான் திரும்பிச் செல்லவில்லை.

அவர் பார்வையற்றவர் என்பதைக் குறிக்க அவ்வாண்டுப் படிவத்தில் இடமே இல்லை. 1872 முதல் 1931 வரை ஆங்கிலேயர் எடுத்த கணக்குகளில் பார்வையற்றோர், காது கேளாதோர், தொழுநோயாளர் முதலியோர் எண்ணப்பட்டனர். பின்னர் அவ்வினா மறைந்தது, 1981இல் தோன்றியது, 1991இல் மீண்டும் மறைந்தது.

கணக்கேடு மறந்தாலும் மருத்துவம் இவர்களை மறக்கவில்லை. அதே வட ஆர்க்காட்டின் தலைநகரான வேலூரில், 1940களின் இறுதியில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். தொழுநோயால் சதை தானே அழுகி விரல் உதிர்கிறது என்றுதான் உலகம் நம்பியிருந்தது. உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் ஏற்படும் புண்களாலேயே விரல்கள் அழிகின்றன என்று அவர் காட்டினார். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை மருத்துவம் செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி வேலூரில் அத்துறையை வளர்த்தார். மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. ஆயினும் மருத்துவமனை அறிவது வந்து சேர்ந்தவரை மட்டுமே. வண்டிக்கூலி இல்லாமல் திண்ணையிலேயே இருந்துவிட்டவரை யார் அறிவார்?

அவரைத் தேடிச் சென்றவர் நெல்லை ஆராய வந்த ஒருவரே. கேம்பிரிட்ஜ் குழுவில் ஆரணியின் நெல் வாணிகத்தை ஆராய்ந்த பார்பரா ஹாரிஸ்-வைட், பத்தாண்டுக்கொருமுறை ஆரணிப் பகுதிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார். சூசன் எர்ப் என்பவரோடு சேர்ந்து, தமிழகச் சிற்றூர்களில் உடற்குறையுடைய வயதுவந்தோரைப் பற்றி அவர் எழுதிய நூல் 2002இல் வெளிவந்தது. அவர்கள் மேற்கொண்ட முறை எளியது. ஆயினும் நம்மைச் சிந்திக்க வைப்பது. ஒரு குறைபாட்டின் செலவை அவர்கள் மூன்றாகப் பிரித்தனர். மருந்துக்கும் மருத்துவரிடம் செல்லும் பயணத்துக்கும் ஆவது ஒன்று. உடனிருந்து கவனிப்பவர் இழப்பது மற்றொன்று. கணவனுக்குக் கால் விளங்காதபோது மனைவி நடவுக்குப் போக முடியாத நாட்கள் அவை. குறைபாடுடையவர் ஈட்டியிருக்கக்கூடிய வருவாய் மூன்றாவது. முதலாவது மட்டுமே கையை விட்டுப் போகும் காசு. ஆகவே எல்லார்க்கும் தெரிகிறது. ஏனைய இரண்டும் எக்கணக்கிலும் ஏறாமல் குடும்பத்தைக் கரைக்கின்றன. நிலமுடையவன் கால் நொண்டினால் ஆள் வைத்து உழுவான். கூலியாளுக்குக் காலே நிலம். அதே குறை இருவர் வீட்டிலும் இரு வேறு குறையாகிறது. நெல்லின் விளைச்சலையும் கூலியையும் முன்பே அளந்திராவிட்டால், இந்த இழப்பை அளக்க வழி ஏது?

உடற்குறையுடையோர்க்கான சட்டம் 1995இல் இயற்றப்பட்டது. அது ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016இன் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்கிறது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வினா படிவத்துக்கு மீண்டது: பார்வைக்கு 1, பேச்சுக்கு 2, செவிக்கு 3, நடமாட்டத்துக்கு 4, மனத்துக்கு 5 என்று குறியெண்கள் கொடுத்திருந்தனர்.

அவ்வாண்டும் அதே நெசவாளர் தெரு எனக்கு வந்தது. முதியவர் மூன்றாண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அவருடைய தம்பி மனைவி, கண்ணில் புரை படர்ந்தவராய், அதே திண்ணையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். 'அம்மா ஒன்றும் செய்வதில்லை' என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் திண்ணையில் அமர்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை தார் சுற்றுவீர்கள் என்று அந்த அம்மையாரிடம் கேட்டேன். குடும்பத் தொழிலில் உழைப்பவர் என்று எழுதினேன்; குறைபாட்டுக் கட்டத்தில் 1 என்று எழுதினேன்.