படத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடுதல்: லுணுகலையின் பெயரற்ற முகங்கள்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய புகைப்படங்களை இணையத்தில் தேடுவோருக்குப் பெரும்பாலும் ஒரே சில படங்களே திரும்பத் திரும்பக் கிடைக்கின்றன. கூடை சுமந்த பெண்கள், தலைப்பாகையுடன் கங்காணி. ஒருவர் அதன் கீழ் பதுளை என்று எழுதுவார். இன்னொருவர் ஹற்றன் என்பார். 1823இல் வந்திறங்கியோர் என்று எவரேனும் எழுதினால் சிரித்துவிட்டு நகரலாம். புகைப்படக்கலையே 1839இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இலங்கையில் தேயிலை வணிகப் பயிரானது 1867இல்.

பசறையிலிருந்து பிபிலை செல்லும் வீதியில் உள்ள லுணுகலையின் தோட்டங்களைப் பற்றி எழுத முனைவோர், தம் கணினியில் கோப்பாகக் கிடக்கும் படத்தின் பூர்வீகத்தை முதலில் விசாரிக்கப் பழக வேண்டும்.

2001இல் கூகுள் படத்தேடலைத் தொடங்கியபோது சொல்லைக் கொடுத்தே படத்தைக் கேட்க முடிந்தது. படத்தையே கேள்வியாக வைக்கும் 'டின்ஐ' என்ற தேடுதளத்தை 2008இல் ரொறன்ரோ நிறுவனமொன்று தொடங்கியது. 2011இல் கூகுளும் அவ்வசதியைத் தந்தது. கோப்பைச் சுட்டியால் இழுத்துத் தேடற்பெட்டியில் விட்டால் போதும். 2022இல் அங்கே 'லென்ஸ்' வந்தது.

இரண்டும் ஒன்றல்ல. டின்ஐ படத்தை எண்களாலான கைரேகைபோல் ஆக்கி, அதே படத்தின் பிற பிரதிகளைத் தேடும். ஓரம் வெட்டியிருந்தாலும் பெரும்பாலும் பிடித்துவிடும். லென்ஸோ ஒத்த தோற்றமுடையவற்றையும் அள்ளித் தரும். கூடை சுமந்த ஒருத்தியைக் கேட்டால் கூடை சுமந்த நூறு பேரைக் காட்டும். வரலாறு எழுதுபவருக்கு முன்னதே உதவும் என்பது என் கருத்து.

இவ்வாறு தேடிச் செல்லும் வழி பலமுறை ஸ்கீன், ஸ்கோவன், பிளேட்டே போன்ற படப்பிடிப்பு நிலையங்களின் அல்பங்களிலும் தபாலட்டைகளிலும் போய் நிற்கும். துரைமாருக்கும் பயணிகளுக்கும் விற்கப்பட்டவை அவை. நிலையத்தின் பெயர் இருக்கும். படத்தில் நிற்பவளின் பெயர் இராது. இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் பெயர் சொல்லிப் படமெடுத்த யூலியா மார்கரெட் கமரன், 1875இல் இலங்கை வந்து 1879இல் இங்கேயே இறந்தார். 1878இல் அவர் எடுத்த படமொன்றின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பதே. அன்று எழுதப்படாத பெயரை எந்தத் தேடுபொறி தரும்?

லயன் அறைகளின் தகரப்பெட்டிகளில் இருப்பவை வேறு படங்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கடவுச்சீட்டுக்கு எடுத்த படங்களும், பிரியுமுன் குடும்பமாக நின்று எடுத்த படங்களும் அக்காலத்தவை. இவற்றை ஸ்கேன் செய்து தேடினால் பொதுவாக விடை பூச்சியமே. படம் பொய் என்பதல்ல அதன் பொருள். இதுவரை எவரும் இணையத்தில் ஏற்றவில்லை என்பதே. இவற்றில் நிற்போரின் பெயர் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் லுணுகலையிலும் உள்ளனர், கடல் கடந்து தமிழகத்திலும் உள்ளனர்.

ஆகவே படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தோட்டம், டிவிஷன், நிற்போர் பெயர்கள் இடமிருந்து வலமாக என எழுதிப் படத்துடன் சேர்த்து வையுங்கள். கோப்பின் பெயரில் மட்டும் எழுதினால் போதாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதும் அப்பெயர் போய்விடும். நூலகம் நிறுவனத்தின் 'ஆவணகம்' தளம் இத்தகைய படங்களைப் பேணுகிறது. உயிரோடிருப்பவரின் படமாயின், எங்கும் ஏற்றுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.